போர்வையைப் பிழிந்த தண்ணீர்

பென்னலூரில் தண்ணீர் உப்பு. சோப்பு லேசில் நுரைக்காது. அதனால் துணி துவைக்கப் பொறுமையாகவே உட்காருவேன். அந்தப் போர்வையையும் அப்படித்தான் துவைத்தேன், மாஜிஸ்திரேட் ஐயா.

நானும் பேச்சிராஜும் சங்கரன்கோவில் பக்கம். பென்னலூரில் ஒரே கம்பெனி, ஒரே நைட் ஷிப்ட், ஒரே அறை. அவனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பேன். சட்டைக்குப் பட்டன் தைப்பதும் நான்தான். மாரிசெல்வியோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், தண்டலத்தில் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னான்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"ஏலே இசக்கிதுரை, நீ என்ன எனக்கு மூத்த சம்சாரமா? மாரிசெல்வி கேட்டா சிரிக்கப்போறா. ரூமுக்கு வேற ஆளப் பாருல."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். ஷிப்ட் முடிந்து வந்த காலை அது, ஜன்னலில் வெயில். அவன் நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் என் போர்வையை அவன் முகத்தில் போட்டேன். அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கால்கள் அடங்கிய பிறகும் விடவில்லை. பாதியில் விட்டால் அவனுக்குத்தான் கஷ்டம்.

போர்வையில் ஓரிடத்தில் மூக்கு ரத்தம். அந்த இடத்தைக் கறை போகும்வரை தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது போர்வை முழுக்கப் பரவும் என்று தோன்றவில்லை. கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி வேலை. பெட்டிக்கு நாலைந்து பீஸ் எடுத்துப் பார்ப்போம். அது சரியென்றால் பெட்டியே பாஸ். போலீஸ் லேபிலும் ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் என்றிருந்தேன்.

மூச்சு முட்டிச் செத்தான் என்று போஸ்ட்மார்ட்டத்தில் வந்ததும் அறையிலிருந்த துணியெல்லாம் எடுத்துப் போனார்கள். அன்று காலை நான் மாடிப்படி நிழலில் அந்தப் போர்வையில் படுத்திருந்தேன், பேச்சிராஜ் அதைத் தொட்டதே இல்லை என்று சொன்னேன்.

நேற்று இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கன் டீ வாங்கிக் கொடுத்தார்.

"இன்னா தொர, நீ கறைய தொவச்ச. லேப்ல போர்வையையே புழிஞ்சிட்டாங்க. மொத்தத்தையும் நனைச்சி, மிஷின் வெச்சி உறிஞ்சி, அந்தத் தண்ணிய வடிகட்டி டிஎன்ஏ எடுத்துகினாங்க. உன்னுதும் கீது, அவன்துதும் கீது."

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருடையதும் அந்தத் தண்ணீரில் ஒன்றாய்க் கலந்து கிடந்ததாம். பிரித்தெடுக்க லேபில் மிகவும் சிரமப்பட்டார்களாம். கேட்டபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

மாரிசெல்வியுடையது அதில் துளிகூட இல்லை.