முன்னேற்றம் இல்லை

“பொண்ணுக்கு இந்த வருஷமும் கால் சரியாகலன்னு எழுதி வாங்கணும்,” என்றார், வேங்கிக்கால் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தவர்.

“பொறந்ததுலேருந்தே நடக்காத பொண்ணுதானே சார்?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“சர்டிபிகேட் ஒரு வருஷத்துக்குத்தான் தர்றாங்க. புதுசு இல்லன்னா இன்கம் டாக்ஸ்ல கழிக்க முடியாதுன்னு ஆடிட்டர் சொல்றாரு. வருஷா வருஷம் தூக்கிட்டுப் போறேன். டாக்டரு அவள எதிர்ல வச்சிக்கிட்டே ‘முன்னேற்றம் இல்லை’ன்னு எழுதறாரு.”

“கொழந்தைக்கு என்னா புரியப்போவுது?”

“பத்து வயசாவுது சார். ‘நான் நடந்துட்டா உனக்கு டாக்ஸ் ஜாஸ்தியாயிடுமாப்பா’ன்னு நேத்து கேட்டா.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“கம்ப்யூட்டர்ல ரிட்டன் ஃபில் பண்ணிக்கிட்டிருந்தேன். திரும்பிக்கூடப் பாக்காம, ஆமாம்மான்னுட்டேன்.”