இறக்கத்தில் ஃப்ரீ கியர்

ஆட்டோ கியர் வண்டியில் இடது காலுக்கு வேலையே கிடையாது. ஓர் ஓரமாகச் சும்மா வைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் மகள் மஹ்ஜபீன் ஓட்டிக் காட்டும்வரை இது எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டியவன் நான். கிளட்ச் இல்லாததை வண்டி என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது.

நான் வந்தது தேவனுக்காக, ஐயா. பட்டறைத் தேவனை நேற்றிலிருந்து இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் பிரேக்கைச் சரியாகப் பார்க்காததால்தான் என் மருமகன் உசைரின் கார் மலையிலிருந்து விழுந்தது என்று எழுதப் போகிறீர்களாம். அது தவறு. தேவன் பிரேக்கைப் பார்த்தான். சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னான். செய்யாத தப்புக்கு ஒருவன் மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆள் நான் இல்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் சைபுதீன். லாரியை விட்ட பிறகு ரந்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்தேன். வீடு கோலா சாவாவில், தோட்டத்து எல்லையில். என் வாப்பா காயல்பட்டினத்திலிருந்து மலேசியாவுக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். இங்கே வந்து நிறையப் பேர் அதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. என் மனைவி சைதூன் பீவி மௌத்தானபோது மஹ்ஜபீனுக்குப் பதினொரு வயது. அதன் பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அதனால் கல்யாணப் பேச்சிலேயே இதைச் சொல்லிவிட்டேன். கோலா பிலாவில் இருந்த உசைரின் வீட்டாரும் தலையாட்டினார்கள்.

உசைர் நல்ல பிள்ளை. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் இன்ஜினியர். வீட்டிலிருந்து கால் மணி நேரம். பதினான்கு மாதம் எங்களோடு இருந்தார். என் மகள் காலையில் பாடிக்கொண்டே தோசை ஊற்றுவாள். பிறகு அவருக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது.

“மூணு மணி நேரம்தான் மாமா. வாரா வாரம் வந்துருவோம்.”

“வழக்கம்னு ஒண்ணு பேசியிருந்தோமே, மாப்புள்ள,” என்று ஒரு தடவை நினைவுபடுத்தினேன்.

“வேலை ஜொகூர்ல இருக்கு மாமா. வீட்டை லாரியில ஏத்திக்கிட்டுப் போக முடியுமா?”

மஹ்ஜபீன் சிரித்துவிட்டாள். அவர் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் சிரித்ததுதான் மனதில் நின்றது.

வாரா வாரம் வந்து போக ஒரு கார் வேண்டும் என்று பேச்சு வந்தது. உசைருக்குப் படிக்கிற காலத்திலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை. பழைய வண்டிகளாகத் தேடி, கடைசியில் இரண்டில் வந்து நின்றார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சாம்பல் நிறம், ஏழு வருடப் பழசு. சிரம்பானில் இருந்தது ஆட்டோ கியர். தெமியாங்கில் ஒருவர் விற்க வைத்திருந்தது ஆறு கியர் மேனுவல். எதை எடுப்பது என்று ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மஹ்ஜபீனிடம் இருப்பது ஆட்டோ கியர் லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு கிளட்ச் வண்டியைத் தொடக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். அந்த லைசென்ஸ் போதும் என்று அவளுக்குச் சொன்னவன் நான்தான். சுலபமாக இருக்கும் என்று சொன்னேன்.

ஒரு காலை என் கடையில் மூவரும் பசியாறிக்கொண்டிருந்தோம்.

“ஆட்டோ எடுங்க மச்சான். பாதி வழி நான் ஓட்டுவேன், நீங்க தூங்கலாம்.”

“ஸ்போர்ட்ஸ் காரை ஆட்டோவுல ஓட்டுறதுக்கு பஸ்ஸுலயே போயிரலாம்னு ஆலையில பசங்க கேலி பண்றாங்க லா.”

“அந்தப் பசங்களா வந்து ஜாம்ல கிளட்ச் மிதிக்கப் போறாங்க? வாப்பா, இவரு கிளட்சைத் தொட்டே பத்து வருசமாச்சு. லைசென்ஸ் டெஸ்ட் வண்டிதான் கடைசி. அதையும் ரெண்டாவது தடவைதான் பாஸ் பண்ணாரு.”

“அதை ஏன் இப்போ சொல்றே? மாமா சொல்லட்டும். மாமாதானே டிரைவர்.”

அவராகத்தான் கேட்டார், ஐயா. அதை மறந்துவிடாமல் எழுதுங்கள். நானாக வாய் திறக்கவில்லை.

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆட்டோ வண்டி ஓட்டுபவரின் தவறைப் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். கியரை மறந்தாலும் அது மறக்காது. மேனுவல் அப்படியில்லை. ஓட்டுபவருக்கு என்ன தெரியுமோ அதுதான் வண்டிக்கும் தெரியும். அவருக்கு என்ன தெரியும் என்பது சொல்லிக்கொடுத்தவன் கையில் இருக்கிறது.

“ஆட்டோன்னா அது நம்மளை ஓட்டும். கிளட்ச் வண்டியத்தான் நாம ஓட்டுறோம். எடுங்க மாப்புள்ள, நான் சொல்லித் தர்றேன்,” என்றேன்.

“அப்போ நான் லக்கேஜ் மாதிரி பக்கத்துல உக்காந்து வரணுமா?” என்றாள் மஹ்ஜபீன். உசைர் அவள் தட்டில் இருந்த முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது.

மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தேன். ஆலை விட்டதும், வெளிச்சம் இருக்கும்போதே, செம்பனைகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில். முதல் நாள் பதினேழு தடவை எஞ்சின் நின்றது. குலை வெட்டுகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “மறுபடியும் செத்துருச்சு மாமா,” என்று அவரே சிரித்தார். பொறுமையாகத்தான் கற்றுக்கொடுத்தேன். பாதி கிளட்சில் வண்டியைப் பிடிப்பது, சத்தத்தைக் கேட்டுக் கியர் மாற்றுவது, மேட்டில் பின்னால் போகாமல் எடுப்பது, எல்லாம் சரியாகவே சொன்னேன். இரண்டு விஷயங்கள் மட்டும் வேறு மாதிரி சொன்னேன்.

ஒன்று, எது நடந்தாலும் முதலில் கிளட்சை மிதி என்பது. சமதரையில் பழகுகிறவனுக்கு எல்லோரும் சொல்வதுதான். நான் அதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னேன். “ஆபத்து” என்று திடீரென்று கத்துவேன். அவர் இடது கால் தானாக இறங்கும். மூன்றாவது வாரத்தில் நான் கத்தி முடிப்பதற்குள் கால் இறங்கிவிடும்.

இரண்டாவது, இறக்கத்தில் ஃப்ரீ கியர்.

கியர் எதிலும் விழாமல் நடுவில் நிற்பதை நாங்கள் ஃப்ரீ கியர் என்போம். கியரில் இருந்தால் இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். ஃப்ரீயில் விட்டாலோ கிளட்சை மிதித்தாலோ பிடிக்க பிரேக் மட்டும்தான் உண்டு. அந்தக் காலத்து லாரிக்காரர்கள் டீசலை மிச்சம் பிடிக்க மலை இறக்கத்தில் ஃப்ரீ கியரில் விடுவார்கள். கண்டுபிடித்தால் தோட்டத்து மேனேஜர் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்.

“இறக்கத்துல சின்ன கியர் போடணும்னு வீடியோவுல சொல்றாங்களே மாமா?” என்று உசைர் ஒரு நாள் கேட்டார்.

“வீடியோவுல சொல்றவன் மலையில லாரி ஓட்டியிருக்கானா? சின்ன கியர் போட்டா எஞ்சின் கதறும். இந்த மாதிரி எஞ்சினுக்கு அது ஆகாது. எறக்கத்துல அதுக்கு ஓய்வு குடுங்க.”

“மன்னிச்சிருங்க மாமா. சும்மா கேட்டேன்.”

அவ்வளவு மரியாதையான பிள்ளை.

ஆபத்து எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தொண்ணூற்றெட்டில் வீரமுத்துவின் லாரி எனக்கு முன்னால் ஃப்ரீ கியரில் இறங்கியது. கீழே போகும்வரை பிரேக் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. அவரைத் தூக்கி எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது தேவன் விஷயம். கார் விழுந்த ஞாயிறுக்கு முந்திய புதன்கிழமை அதைப் பட்டறைக்குக் கொண்டு போனது நான். உசைர் வேலையில் இருந்தார். தேவன் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“அண்ணே, பிரேக் எண்ணெய் கறுத்துப் போச்சு, தண்ணி ஏறியிருக்கு. விடாம மிதிச்சா சூட்டுல கொதிச்சிரும். அப்புறம் பெடல் வெறுமனே உள்ள போயிரும். பிரேக் பேடும் தேஞ்சு கெடக்கு. விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்.”

“மாப்பிள்ளையே அடுத்த வாரம் கொண்டு வருவாரு.”

“அதுவரைக்கும் மலைப் பக்கம் மட்டும் போயிராதீங்க லா. வெளையாட்டில்ல அண்ணே.”

சரி என்றேன். வீட்டுக்கு வந்து உசைரிடம், தேவன் பார்த்துவிட்டான், ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தேவன்மேல் தப்பில்லை.

புதன்கிழமை என் மனதில் இருந்தது ஒரு சின்ன அடி மட்டும்தான். கார் எங்காவது இடித்து நிற்கும், மனுஷன் பயப்படுவார், மூன்று மணி நேரப் பயணமெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று தோன்றும், ஆலை வேலையிலேயே இருந்துகொள்வார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோலா பிலாவில் உசைரின் சொந்தத்தில் கல்யாண விருந்து. காலையில் மஹ்ஜபீன் என் வேனில் வந்தாள். உசைர் காரில் முன்னாலேயே போய்விட்டார். சாப்பிட்டு முடித்து மூன்று மணிக்குக் கிளம்பினோம். சிரம்பான் வழியாக வீட்டுக்குத் திரும்ப இரண்டு ரோடு. புது ரோடு அகலம். பழையது மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும்.

“பழைய ரோட்ல போங்க மாப்புள்ள. இந்த காருக்கு அதுதான் ரோடு. எறக்கத்துல என்ன?”

“ஃப்ரீ கியர்,” என்று சொல்லிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மகளுக்காக நின்றேன். அவள் கார்ப் பக்கம் போனாள்.

“வாப்பா, நான் மச்சான்கூட வர்றேன். நீங்க பின்னால மெதுவா வாங்க.”

“பிரியாணிச் சட்டி வேன்ல இருக்கும்மா. நீ வந்தா புடிச்சுக்குவே.”

“சட்டிக்கு சீட் பெல்ட் போட்டு விடுங்க வாப்பா.”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒரு தடவை கூப்பிட்டேன், ஐயா. கூப்பிடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நான் புது ரோட்டில் வந்தேன். ஆறாவது வளைவில் கார் தடுப்பை உடைத்துக்கொண்டு போனது என்று உங்கள் ஆள் போன் செய்தபோது வீட்டில் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். உசைர் அங்கேயே மௌத்தாகிவிட்டார். கியர் ஃப்ரீயில் இருந்தது, இடது கால் கிளட்ச் பெடலை அழுத்தியபடியே சிக்கியிருந்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறதாம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் அவர்.

மஹ்ஜபீனுக்கு முதுகுத்தண்டு. நெஞ்சுக்குக் கீழே அசைவில்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது ஒரு மாதமாக வீட்டில், அவளுடைய பழைய அறையிலேயே இருக்கிறாள். கடையை மூடிவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறேன். துடைத்து விடுகிறேன், தலை வாரி விடுகிறேன். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று நர்ஸே சொன்னாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “பெடல் உள்ள போனப்போ சின்ன கியர் போடுங்க மச்சான்னு நான் கத்துனேன். அவரு, மாமா கிளட்சைத்தான் மிதிக்கச் சொல்லியிருக்காங்கன்னாரு. நெஜமாவா வாப்பா?”

களைப்பாக இருக்கிறாய், பேசாதே என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை.

அவள் ஏறுவதைப் பார்த்தபோதாவது தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுத்திருக்கலாம். பழைய ரோடு வேண்டாம், பிரேக் சரியில்லை என்று ஒரு வரி போதும். நேரமும் இருந்தது. அவள் துப்பட்டா கதவில் மாட்டிக்கொண்டது. திறந்து, எடுத்து, மறுபடி சாத்தினாள். அதற்குள் நான் நிதானமாகவே யோசித்தேன். உசைர் மட்டும் போனால், அழுது முடித்துவிட்டு அவள் என்னோடு இருப்பாள். இருவரும் போனால் அப்போதும் அவள் ஜொகூருக்குப் போகப் போவதில்லை. கதவு சாத்தியதும் கையசைத்தேன்.

இவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். தேவனை அனுப்பிவிடுங்கள். என்னையும் சீக்கிரம் விட்டால் நல்லது, அவளுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம். நான் கரண்டியைக் கொண்டு போனால் இப்போது வாயைத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மா கொடுத்தால் முழுக் கிண்ணமும் இறங்குகிறது. அது கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும் கோபம். என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, சரியாகிவிடுவாள். இனி எங்கே போகப் போகிறாள்?