மலையேற்ற மாத்திரையும் மறுநாள் காலையும்

ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த ஐந்து நிமிடத்தில் என்ன சொல்லித் தொலைப்பேனோ என்று அஞ்சி அமர்ந்திருக்கும் அவைத்தலைவரும் நம் பள்ளத்தாக்கு மருத்துவமனையின் தலைமை மருத்துவருமான டொக்டோசுன் அவர்களே! தலைத்தொப்பி சாயாமல் தூங்கும் கலையில் தேர்ந்த முன்வரிசைப் பெரியவர்களே! பக்கத்து வீட்டு மருமகளை ஒரே பார்வையில் எடைபோட்டுவிடும் தாய்மார்களே! ஆட்டு முண்டத்தைப் பறித்துக்கொண்டு குதிரையில் பறக்கும் கோக்போரு வீரர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

அரிய நோய்களைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். ஆராய்ச்சிக் கூடம் வரை போவானேன்? நம் கோக்போரு வீரர் ஜிர்கல்பெக் வீடு வரை போனால் போதாதா?

குதிரைமேல் அவர் புயல்; மறுநாள் காலையில் பாயோடு பாய். போட்டி முடியும், விருந்து தொடங்கும், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி விரிப்பெல்லாம் குவியும். வயிறார உண்டுவிட்டு உறங்குவார். விடிந்தால் கை அசையாது, கால் அசையாது, கழுத்தும் திரும்பாது. பேச்சு இருக்கும், நினைவு இருக்கும். பொழுது சாய்வதற்குள் தானாகவே எழுந்துவிடுவார்.

ஊர் என்ன சொன்னது? குடி என்றது. அவர் குடிப்பதில்லையே என்றால்? திருட்டுக் குடி என்றது. ஊர் என்றைக்குத் தோற்றிருக்கிறது?

அவருடைய மாமியார் மகளிடம் சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானே கேட்டேன். “குடிச்சுட்டு விழுந்தவன்கூட பத்து மணிக்கு எந்திரிச்சுருவான்டி. இவன் குடிக்காமலே விழுறான். பிள்ளையத் தூக்கு, கிளம்பு.”

மனைவி அய்சுலூ சொன்னாள்: “அடுத்த போட்டி வரைக்கும் பாக்குறேன்மா. மறுநா காலையில எந்திரிச்சா இருக்கேன். இல்லேன்னா வந்துர்றேன்.”

நாம் என்ன செய்தோம்? நோயாளியை வெறுங்கையோடு பார்க்கப் போகும் இனமா நாம்? ஒருத்தி போர்சோக் கொண்டுபோனாள், ஒருத்தி தேன் கொண்டுபோனாள், ஒருத்தி கரண்டி நிற்கும் அளவுக்குச் சர்க்கரை போட்டுத் தேநீர் கொண்டுபோனாள். நீட்டிய ரொட்டியை மறுக்கக் கூடாது என்பது நம் சட்டம். அசையாமல் கிடந்தவருக்கு ஊட்டினோம், ஊட்டினோம், ஊட்டிக்கொண்டே இருந்தோம். அவர் நோய்க்கு நஞ்சே அதுதான் என்று யாருக்குத் தெரியும்? பகைவன் அடித்திருந்தால் தப்பியிருப்பார். பாசத்திடமிருந்து எப்படித் தப்புவார்?

(“எங்களத்தான் திட்டுறீங்களா எஜே?” என்று பின்வரிசையிலிருந்து இந்த அக்காவை ஒரு குரல் கேட்கிறது. உன்னைத்தான் தம்பி. உட்கார்.)

அந்தக் கோடையில் அவர் பனிமலை ஏறவந்த வெளிநாட்டார் முகாமுக்குக் குதிரை மேய்க்கப் போனார். கோடை முழுக்க ஒரு நாள்கூட விழவில்லை. மலைக்காற்றின் மகிமை என்றது ஊர். நம் தலைவரும் அதையே சொன்னார். என்ன, கொஞ்சம் லத்தீன் கலந்து சொன்னார். சரி என்று அவரை மேய்ச்சல் மலைக்கு அனுப்பினோம். அங்கே முதல் விருந்துக்கு மறுநாளே, கூடாரத்துக்குள் கட்டை போலக் கிடந்தார். காற்று குற்றமற்றது என்று விடுதலையானது.

அப்போதுதான் மருத்துவர் குல்பார்ச்சின் இங்கு வேலைக்கு வந்தார். அதற்கு முன்பும் ரத்தம் எடுத்தார்கள். எப்போது? மருத்துவமனைக்கு வண்டி வந்து சேர்வதற்குள் கைகால் திரும்பியிருக்கும், ரத்தமும் தேறியிருக்கும். ‘நடிப்பு’ என்று எழுதி அனுப்பினார்கள். திருடன் போன பிறகு வீட்டைச் சோதித்துவிட்டு, திருட்டே நடக்கவில்லை என்றால் எப்படி? குல்பார்ச்சின் ஒரு கல்யாண விருந்துக்கே வந்தார், தங்கினார், அசையாமல் கிடந்த அந்தக் காலையிலேயே ரத்தம் எடுத்தார். பொட்டாசியம் பாதாளத்தில் கிடந்தது. விட்டுவிட்டு வரும் தசைவாதம்; லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய். வயிறு நிறைய மாவும் இனிப்பும் தின்று படுத்தால், ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் தசைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

குல்பார்ச்சின் கேட்டார்: “முகாம்ல மட்டும் ஏண்ணே விழல? அங்க மருந்து ஏதாவது?”

“மருந்தெல்லாம் இல்ல டாக்டர். உயரத்துல தலை சுத்தாம இருக்க ஒரு மாத்திரை குடுத்தாங்க. ஓசிதானேன்னு தினமும் போட்டுக்கிட்டேன். குதிரைக்கும் கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க.”

அது கண்ணில் அழுத்தம் ஏறினால் கொடுக்கும் பழைய மாத்திரை. அதையே மலையேறுபவருக்கும் தருகிறார்கள். இந்தத் தசைவாதத்துக்கும் அதைக் கொடுத்துப் பார்த்து, பலிக்கிறது என்று எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே வேறு நாட்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். குல்பார்ச்சின் அதைக் கண்டுபிடிக்கவில்லை, படித்தார். நம் ஊரில் எது அரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

தலைவரிடம் அனுமதி கேட்கப் போனார். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் உடன் நானும் போனேன், கதவோரம் நின்றேன்.

“இது கண்ணு மாத்திரைம்மா. அவனுக்கு வரலேங்குறது காலு.”

“அது மாத்திரைக்குத் தெரியாதுங்க ஐயா.”

“டப்பாவுல இந்த நோயோட பேரே இல்லையே?”

“அவரு டப்பாவ முழுங்கப்போறதில்லங்க ஐயா.”

தலைவரே, நீங்களும் சிரிக்கலாம், அன்றைக்குத்தான் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு போட்டி. மறுநாள் விழுந்தான்னா நிறுத்திரணும்” என்று கையெழுத்திட்டீர்கள். முணுமுணுத்துக்கொண்டே இட்டாலும் இட்ட கை பெரிய கை. வாழ்க!

இலையுதிர்காலப் போட்டி வந்தது. ஜிர்கல்பெக் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடினார், அணி வென்றது. விருந்தில் அவர் இறைச்சியை உண்டு, ரொட்டியில் ஒரு விள்ளலோடு நிறுத்திக்கொண்டார். சமையல்காரர்கள் மனம் புண்பட்டார்கள். புண்படட்டும், அதற்கு வேறு மருந்து இருக்கிறது. விடிந்தபோது அவர் வீட்டு வாசலில் பாதி ஊர் நின்றது. மாமியார் வண்டியே கொண்டுவந்துவிட்டார்.

கதவு திறந்தது. தன் காலில், தானே நடந்து, தலைகுனிந்து வாசற்படி தாண்டி வந்தார் ஜிர்கல்பெக்.

அய்சுலூதான் முதலில் பேசினாள். “எந்திரிச்சாச்சுல்ல? மரம் மாதிரி நிக்காம மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க.” வாளியை அவர் கையில் திணித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைத்துணியால் எதைத் துடைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. வீட்டில் எனக்கு அந்த மரியாதை கற்றுத் தந்திருக்கிறார்கள்.

மாமியார் வண்டியைத் திருப்பினார். “என் மருமகன் குடிக்க மாட்டான்னு நான் அப்பவே சொன்னேன்!”

அவையோரே! நோய் அரிது என்றால் வலியும் அரிதா? லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்குப் புது மருந்து செய்ய எந்த முதலாளி முந்திக்கொண்டு வருவார்? வரமாட்டார்! ஆனால் அலமாரியில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் மருந்துகளை யார் கேட்டோம்? ‘உனக்கு வேறு என்ன தெரியும்?’ என்று யார் கேட்டோம்? கண்ணைக் காத்தது காலைக் காத்ததே! இன்னும் எது எதைக் காக்கும் என்று யார் கண்டது? கேட்டால் எல்லாம் பலிக்காது. பத்தில் ஒன்பது தோற்கும். தோற்கட்டும்! சோதித்துத் தோற்கட்டும்; சோம்பித் தோற்க வேண்டாம்! அதற்காக நாளைக் காலையில் நீங்களே கடைக்குப் போய்க் கண்டதையும் வாங்கி விழுங்காதீர்கள். குல்பார்ச்சின் அளவுக்குப் படிக்கவும் வேண்டும், அவரைப் போலக் காத்திருந்து ரத்தம் எடுக்கவும் வேண்டும்.

தலைவரே, ஒரே ஒரு போட்டிக்குக் கொடுத்த அனுமதியை இந்த மேடையிலேயே, இத்தனை பேர் முன்னிலையில், அவர் ஆயுளுக்கும் என்று மாற்றிச் சொல்லுங்கள். தலையை ஆட்டினால் போதாது, வாயால். கேட்டீர்களா எல்லோரும்? ‘சரி’ என்றார்!

ஐந்து நிமிடத்தைக் கடந்து பொறுத்த உங்களுக்கு நன்றி. விடிந்ததும் எழுந்து நிற்கிற எல்லோருக்கும், அவர்களுக்கும் முன்பாக இன்னும் எழ முடியாமல் கிடக்கிறவர்களுக்கும், என் வணக்கம்.