நூற்று முப்பத்தொன்றாம் எண் பாட்டில்

என் பெயர் லொரீன் சிஸ்ஸல், வயது 67, கணவர் பெயர் ஹ்யூபர்ட் சிஸ்ஸல், 2014-ல் காலமாகிவிட்டார். கென்டக்கி மாநிலம் பார்ட்ஸ்டவுனில், நூலகத்துக்குப் பின் தெருவில் வாடகை வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். ஒரு போர்பன் விஸ்கி வடிசாலையில் முப்பத்து நான்கு வருடம் ருசி பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். தற்போது அரிய பாட்டில்களை வாங்குபவர்கள் அழைத்தால் போய், அசலா போலியா, என்ன விலை பெறும் என்று சொல்லி வருகிறேன். யாரும் புகார் கொடுக்கும் முன்பே, யாருடைய கட்டாயமும் இல்லாமல், நானாக வந்து துணை ஷெரிஃப் கார்லா டவுன்ஸ் அவர்களிடம் இதைச் சொல்கிறேன்.

கடந்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மதுக்கடைக்காரர் மெர்ல் கிரீன்வெல் அழைத்ததன் பேரில் அவர் கடைக்குப் போனேன். அங்கே ஜெனீவா பல்லார்ட் என்ற பெண்மணி ஒரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் டெல்மர், 2008-ல் வடிசாலைக் கிட்டங்கியில் நடந்த தீ விபத்தில் இறந்த மூன்று தொழிலாளர்களில் ஒருவர். தீயில் தப்பிய பீப்பாய்களில் இருந்ததை வடிசாலை பத்து வருடம் கழித்து, தண்ணீர் கலக்காமல் அப்படியே, இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில்களில் மட்டும் அடைத்து, மூவர் பெயரையும் லேபிளில் போட்டு வெளியிட்டது. குடும்பத்துக்கு என்று கொடுத்த ஒரு பாட்டிலை, கூரை ஒழுகிய வருடம் விற்றுவிட்டதாக ஜெனீவா சொன்னார். இப்போது நூற்று முப்பத்தொன்றாம் எண் பாட்டிலை இணையம் மூலம் யாரிடமோ வாங்கியிருந்தார். மூடி மெழுகு புதிதாகத் தெரிந்ததால் மெர்லுக்குச் சந்தேகம்.

திறந்தால் மதிப்புப் போய்விடும் என்று நான் எச்சரித்தேன். அதற்கு அவர், "அலமாரில வச்சு அழகு பாக்க வாங்கலம்மா. டெல்மர் உருட்டி வச்ச பீப்பாய்தானா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

அதன் பிறகு மெர்ல் திறந்து எனக்கு ஒரு விரல் அளவு ஊற்றினார். கிளாஸை வெள்ளைத்தாள் எதிரே பிடித்தேன். விளிம்பில் மைக்கறை போல லேசான கருமை இருந்தது. முகர்ந்ததில் வறுத்த சோளமும் கருக்கிய சர்க்கரையும் வந்தன. அத்தனை வருடம் பீப்பாயில் கிடந்ததற்குரிய மரக்கசப்பு இல்லை. ஒரு வாய் எடுத்தேன். கோதுமை இனிப்பு போன பிறகு, நாக்கின் அடியில் துருவின் ருசி வந்தது.

அந்தத் துரு எங்கள் பழைய வீட்டுக் கிணற்றினுடையது. இரும்பு போர்பனைக் கறுக்க வைக்கும் என்பதால் எந்த வடிசாலையும் இரும்பு கலந்த தண்ணீரைச் சேர்க்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து வந்ததும், ஹ்யூபர்ட் இரண்டு மலிவு போர்பன்களை ஊறுகாய் ஜாடியில் கலந்து, அந்தக் கிணற்றுத் தண்ணீரை விட்டுத்தான் எனக்குத் தருவார். வடிகட்டச் சொன்னால், "துரு இல்லாட்டி நம்ம வீடுன்னு எப்படிடி தெரியும்?" என்பார்.

பாட்டில் போலி என்பது எனக்கு முதலில் தோன்றவில்லை. ஹ்யூபர்ட் கடைக்குள் இருக்கிறார் என்றுதான் தோன்றியது. நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"யாரு வந்திருக்கா?" என்று மெர்ல் கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

அதன் பிறகு இரண்டாவது வாய் எடுத்தேன். இந்தத் தொழிலில் துப்பிவிடுவது வழக்கம். அந்த வாயை நான் விழுங்கினேன். விழுங்கும்போதே, இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில்கள் வெளிவந்ததே ஹ்யூபர்ட் இறந்து நான்கு வருடம் கழித்துத்தான் என்பது நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவன் என் மகன் ராய்ஸ், வயது 39.

"என்ன லொரீன், பேச்சையே காணோம்? நாக்கு செத்துப்போச்சா?" என்று மெர்ல் கேலி செய்தார். ஜெனீவா சிரிக்கவில்லை. "அவரோடதுதானே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். பாட்டிலும் லேபிளும் அசல், உள்ளே இருப்பது யாரோ வீட்டில் கலந்தது, அதற்கு மதிப்புக் கிடையாது என்றேன். யார் வீடு என்று சொல்லவில்லை. அவர் லேபிளில் தன் கணவர் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடினார். பிறகு பாட்டிலை மெர்லிடம் கொடுத்துவிட்டுப் போனார். புகார் வேண்டாம் என்றும் சொன்னார்.

அதன் பிறகு நேராகப் பழைய வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் பல அரிய போர்பன்களின் காலி பாட்டில்கள் பதினொன்று, புனல், மெழுகு உருக்கும் சட்டி ஆகியவை இருந்தன. ராய்ஸ் எதையும் மறைக்க முயலவில்லை.

"யாரும்மா சொன்னது?" என்றான்.

"உங்கப்பா சொன்னாருடா."

அவன் உட்கார்ந்துவிட்டான். காலி பாட்டில்களை வாங்கி மூன்று வருடமாக இப்படிச் செய்வதாக ஒப்புக்கொண்டான். பிறகு, "அப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதாம்மா. வாயில வச்சுப் பாத்தியே, சரியா வந்திருந்துச்சா?" என்று கேட்டான். சரியாக வந்திருந்தது என்று நான் சொன்னேன். கடையில் ஜெனீவா கேட்டதையும் நான் இல்லை என்றதையும் சொன்னேன்.

"நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தம்மா நிம்மதியாப் போயிருக்கும்ல?" என்றான். அது உண்மை. ஆகவே இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஷெரிஃப் அலுவலகத்தில் நான் சொல்லத்தான் போகிறேன் என்றேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டான், கொடுத்தேன். அவன் எங்காவது போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். போய்விட வேண்டும் என்றும் நினைத்தேன். இன்று செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு வாசலில் அவன் வண்டிதான் வந்து நின்றது. "ஏறும்மா, நானே கொண்டுபோய் விடறேன்" என்று சொல்லி இங்கே கொண்டுவந்து இறக்கினான். உள்ளே கூப்பிட்டேன். "நீ முடிச்சுட்டு வா" என்றான்.

அவன் இன்னும் வெளியே இருக்கிறானா என்று துணை ஷெரிஃப் கேட்டார். எனக்குத் தெரியாது. தெருப்பக்கம் முதுகு இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தரச் சொல்லி உட்கார்ந்திருக்கிறேன். என்ஜின் சத்தம் கொஞ்ச நேரம் முன்புவரை கேட்டது.

இதில் உள்ளவை யாவும் நான் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, நாவால் அறிந்தவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எதையும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்) லொரீன் சிஸ்ஸல்
14 நவம்பர் 2023, முற்பகல் 11.20