பேய் வந்தால் படம் ஓடும்

சூப்பு நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர். உப்புதான் கொஞ்சம் குறைவு. விசாரணை அறையில் கைதிக்கு மாட்டெலும்பு சூப்பு வாங்கித் தரும் காட்சியை நானே மூன்று படங்களில் எடுத்திருக்கிறேன். பாதி குடித்ததும் கரண்டியை வைத்துவிட்டு அழு என்று நடிகர்களிடம் சொல்வேன். இங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அழுகை வருவதில்லை. முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் இன்னும் கொஞ்சம் கேட்கலாமா என்றுதான் தோன்றுகிறது.

பியோன் கியூசிக்கைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

படப்பிடிப்பு தொடங்கும்போது பன்றித் தலை வைத்துப் பூசை போடுவது எங்கள் வழக்கம். நீங்களும் புது வண்டிக்குப் போட்டிருப்பீர்கள். தலை சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று சந்தையில் பொறுக்கி எடுப்போம். ‘காலவாசல்’ படத்தின் கதாநாயகி மாமிசம் தொடாதவள். தலையைப் பார்த்தால் மயக்கம் வரும் என்றாள். அதனால் பன்றித் தலை வடிவத்தில் ஒரு ஸ்ட்ராபெரி கேக் செய்துவைத்தோம். படக்குழு முழுவதும் வரிசையில் நின்று, மண்டியிட்டு, நெற்றி தரையில் பட க்ரீமைக் கும்பிட்டது. பக்கத்தில் குனிந்திருந்த கியூசிக் தலையைத் தூக்காமலே சொன்னான்.

“அண்ணே, கேக்கை வெச்சுக் கும்பிட்டா சாமி கேக்கு அளவுக்குத்தாண்ணே குடுக்கும்.”

கியூசிக் எங்கள் சண்டை இயக்குநர். இருபது வருடமாக என் படங்களில் ஆட்களைக் கயிறு கட்டிப் பறக்கவிட்டவன். அவன் வாய் அப்படி. பலித்தும் விட்டது.

‘காலவாசல்’ நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். யாருமே பார்க்கவில்லை, வருந்த வேண்டாம். கொர்யோ அரசர் காலத்துக் கோட்டைக் காவலன் ஒருவன் வாசலைத் திறக்கிறான். அந்தப் பக்கம் இன்றைய சியோலின் சுரங்க ரயில் நிலையம். முந்நூறு வருடம் கழித்து வரப்போகும் இயந்திர வீரர்கள் அதே வாசல் வழியாக அவன் ராஜாவைக் கொல்ல வருகிறார்கள். அவன் உதைச் சண்டை போட்டே அவர்களை விரட்டுகிறான். இரண்டு பாகங்களையும் ஒரே மூச்சில் எடுத்தோம். முதல் பாகம் வெளியானபோது, யார் எந்த நூற்றாண்டு ஆள் என்று புரியாமல் ஜனங்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். ஒரு ரசிகர் இணையத்தில் கேட்டிருந்தார்: “அந்த வாசல் வழியா பின்னாடி போயி, டிக்கெட் வாங்கின என் கையை ஒடிக்க முடியுமா?” அதற்கு விழுந்த விருப்பக்குறிகள் எங்கள் டிக்கெட் விற்பனையை விட அதிகம்.

அடுத்த வாரம் தயாரிப்பாளர் ஓக் மிரான் அம்மா என்னைக் கூப்பிட்டு காபி கொடுத்தார். நல்ல காபி. “டைரக்டர், ரெண்டாம் பாகம் தியேட்டருக்கு வேணாம். ஜனங்க ஃபோன்ல பாத்துக்கட்டும். பிடிக்கலேன்னா விரலாலே தள்ளிவிட்டுக்கலாம் பாருங்க, அவங்களுக்கும் சௌகரியம்.”

என் வாழ்க்கையின் பதினோரு வருட உழைப்பை விரலால் தள்ளிவிடலாம் என்றார். கோபம் வந்தது. இருந்தாலும் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்று சாயங்காலம் கியூசிக்கும் நானும் பன்றி வயிற்றுக்கறி சுடும் கடையில் உட்கார்ந்தோம். இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு காட்சி பாக்கி இருந்தது. கோட்டை வாசலின் கூரையிலிருந்து காவலன் காலத்துக்குள் குதிக்கும் கடைசிக் காட்சி. அதில் நாயகனுக்குப் பதிலாகத் தானே குதிப்பதாகவும், அதோடு தொழிலை விடுவதாகவும் சொன்னான். முழங்கால் இரண்டும் போய்விட்டன. மனைவி யங்னானோடு சேர்ந்து வறுத்த கோழிக் கடை போடப் போகிறானாம். இந்த நாட்டில் எதை விட்டவனும் கோழிக் கடைதான் போடுகிறான். கடைப் பலகையில் தன் பறக்கும் படத்தைப் போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டான்.

“உங்க ராசி சரியில்லண்ணே. பாட்டுப் பதியறப்போ பேய்ச் சத்தம் விழுந்தா பாட்டு ஹிட்டு. செட்டுல பேய் தெரிஞ்சா படம் ஓடும். சின்னப் பையன் எடுத்த படத்துக்கெல்லாம் பேய் வருது. உங்க செட்டுக்கு ஒரு பேய்கூட எட்டிப் பாக்கலியே.”

“நீ செத்தா வருவியாடா?”

“உங்க படத்துக்குத்தாண்ணே வருவேன். வேற எவன் என்னைக் கூப்பிடப் போறான்? கேமராவுக்கு நேரா வந்து நிக்கிறேன், போதுமா?”

சிரித்துக்கொண்டே சுண்டு விரலை நீட்டினான். நான் என் சுண்டு விரலைக் கோத்தேன். குழந்தைகள் சத்தியம் செய்வது போலக் கட்டைவிரல்களை ஒட்டி முத்திரையும் வைத்தோம். தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள். யோசனை அவனுடையது, வாக்கும் அவனுடையது. நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன்.

செட்டில் தீப்பிடித்தாலும் படம் ஓடும் என்பார்கள். அதையும் எண்ணிப் பார்த்தேன். தீ எத்தனை பேரைச் சுடும் என்று யாரால் சொல்ல முடியும்? நான் கொடுமைக்காரன் இல்லை.

அந்தக் கடைசிக் காட்சிக்கு முன் இரண்டாம் முறை பூசை போட்டேன், இந்தத் தடவை முறைப்படி. உண்மையான தலை. அவ்வளவு அழகாகச் சிரித்த பன்றியை நான் பார்த்ததே இல்லை. கூரைமேல் ஒரு சின்ன கேமராவை நிறுத்தி வைக்கச் சொன்னேன். படத்துக்காக அல்ல, கியூசிக் திரும்பி வரும்போது பதிவாக வேண்டுமே. நடந்ததற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் பத்திரிகைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். குதிப்பு முடிந்த பிறகு ஓடவிட்டால் போதும் என்று கேமரா உதவியாளரான பெண்ணிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். அவள் காலையிலேயே ஓடவிட்டுவிட்டாள். நம் ஜனங்களிடம் இது ஒரு வியாதி. சொன்ன நேரத்துக்கு முன்பே வேலையைத் தொடங்காவிட்டால் முதலாளி முகம் சுளிப்பார் என்று பயம். நான் இங்கே உட்கார்ந்திருப்பதற்கு அந்தச் சுறுசுறுப்புதான் காரணம்.

மத்தியான வெயிலில் அவன் கூரை விளிம்பில் நின்றான். கயிறு, இடுப்புப் பட்டை, கொக்கி எல்லாவற்றையும் அவனே இழுத்துப் பார்த்துக்கொள்வான். அதற்குப் பிறகு குதிக்கும்வரை அவனை ஒருவரும் தொடக்கூடாது. அது அவன் போட்ட சட்டம். எனக்கு மட்டும் விலக்கு உண்டு. முதுகில் உள்ள கொக்கி கேமராவில் தெரியாதபடி உடையின் மடிப்பை நானே சரிசெய்வேன். இருபது வருடப் பழக்கம்.

“அண்ணே, கை என்ன இப்படி சில்லுனு இருக்கு?”

“காத்துடா.”

“கடை திறக்கிற அன்னிக்கு மொத கோழி உங்களுக்குத்தான். காசு குடுத்தா அடிப்பேன்.”

நான் மடிப்பைச் சரிசெய்தேன். கொக்கியின் பூட்டையும் திறந்தேன். மூன்று மாடி உயரம். கீழே இருந்த மெத்தை கேமராச் சட்டகத்துக்குள் தெரிகிறது என்று சொல்லி, அதைக் காலையிலேயே தள்ளிப்போட வைத்திருந்தேன். கயிறு இருக்கிறதே என்று அவனும் தலையாட்டியிருந்தான். பிறகு கீழே இறங்கி என் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல ஆக்‌ஷன் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. ஒலிப்பதிவில் நீங்களே கேட்டிருப்பீர்கள்.

விபத்து என்று எல்லோரும் நம்பினார்கள். கயிற்றுக் குழுவில் மூத்தவர் ஒருவர் தன் கண்ணில்தான் கோளாறு என்று சொல்லித் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அழுதார். நான்தான் தேற்றினேன்.

துக்க மண்டபத்தில் மூன்று நாளும் நான் அவன் வீட்டு ஆட்களோடு நின்றேன். யங்னான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, கடைசியா அவர் என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். கோழியைப் பற்றிச் சொன்னேன். அது உண்மைதானே. அவள் அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறிய மாட்டிறைச்சிக் குழம்பு காரம் தூக்கலாக இருந்தது. எனக்கும் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு செட்டில் காத்திருந்தேன். ஒரு முறை கூரையில் காலடிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பூனை. சரி, புது இடம், பழக நாளாகும் என்று பொறுத்தேன். ஆனால் யங்னான் நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்குக் கோயிலில் சொல்லிவிட்டாள். அந்தக் காரியம் முடிந்தால் ஆவி போய்ச் சேர்ந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். படம் வெளியாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

“கொஞ்சம் தள்ளிப் போடேம்மா. படம் வரட்டும். அவனும் பார்த்துட்டுப் போகட்டும்.”

“வேணாண்ணா. இருபது வருஷம் உங்க படத்துக்காக அந்தரத்துல தொங்கினாரு. செத்தும் தொங்கணுமா? நல்லபடியா போய்ச் சேரட்டும்.”

பெண்களுக்குத் தொழில் புரிவதில்லை. காரியத்தைச் செய்துவிட்டாள். அவனை அனுப்பிவைத்தது அவள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓக் மிரான் அம்மா மனம் இளகி, கியூசிக்கின் நினைவாகத் தியேட்டரிலேயே வெளியிட்டார். கடைசிக் காட்சி இல்லாமல் எப்படி என்று கேட்டார். முந்தைய நாள் ஒத்திகையில் எடுத்தது இருக்கிறது என்றேன். ஒத்திகை என்றது பொய்; படத்தில் நீங்கள் பார்ப்பது அவன் உண்மையிலேயே விழுந்ததைத்தான். கையும் காலும் காற்றைத் தேடுவது, பாதி வழியில் அவன் என் நாற்காலி இருந்த பக்கம் பார்ப்பது, எல்லாம் அவனே. அவன் செய்ததிலேயே சிறந்த வேலை அது.

நாளிதழில் ஒரு விமர்சகர் என்ன எழுதினார் தெரியுமா? “முடிவில் காவலன் விழும் காட்சியில் கணினி வேலை படுமோசம். மனிதன் இப்படியா விழுவான்?” நானும் கல் மனதுக்காரன் இல்லை, இன்ஸ்பெக்டர். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. இவர்களுக்குப் போய் உயிரைக் கொடுத்து வேலை செய்தோமே என்று இருந்தது.

இரண்டாவது வாரம் படத்தைத் தூக்கிவிட்டார்கள். கியூசிக்கைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் அம்மா கூரைக் கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தார். பேய் இல்லை. என் கை இருந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

நேற்று உங்கள் ஆள் ஒருவர், இளைஞர், என்னைக் கேட்டார்: “சார், உங்க படத்துல வர்ற வாசல் நிஜமாவே இருந்தா, திரும்பிப் போய் எதை மாத்துவீங்க?” கூரையைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலும். ராத்திரி முழுவதும் யோசித்துப் பார்த்தேன். அந்த கேக்கைத்தான் மாற்றுவேன்.

இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்டு விரலை முதலில் நீட்டியது அவன். கட்டைவிரல் முத்திரையும் வைத்தான். என் பங்கை நான் ஒழுங்காகச் செய்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் கியூசிக்தான்.