ஆரஞ்சு ஜூஸை நம்பிப் பத்துமலை

கிள்ளானிலிருந்து வந்த ரயிலில், எனக்கு எதிரே அறுபதைத் தாண்டிய இரண்டு பெண்கள்.

“இந்தத் தைப்பூசத்துக்கு ஆரஞ்சு ஜூஸ நம்பித்தான் பத்துமலை ஏறப்போறேன்” என்று மூத்தவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார்.

“ஜூஸையா?”

“எலும்பு வீக்குன்னு டாக்டர் சொல்லிட்டாருலா. இது கால்சியம் போட்டது.”

“அதுக்குப் பால் குடிக்கலாமேக்கா.”

“பால் ஒத்துக்காது. வயித்தக் கலக்கிடும்.”

“அப்புறம் பால்குடம் மட்டும் எடுக்குறீங்க?”

“அது முருகனுக்குலா. அவருக்கு வயித்தக் கலக்கவா போகுது?”

இளையவர் சிரித்து ஓய்ந்தார். கோயில் குகை வரைக்கும் உள்ள படிகளை நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டினார்.

“அந்தப் பாட்டில இப்படிக் குடுங்க. உங்கள யாரு தனியா ஏற விடுறது?”