நெட்டலையில் கேட்டது

— இஞ்சருங்கோ ஹியூபேட், இப்ப அந்த ரேடியோ ரிசீவரைப் போட வேணுமே? மேல் அறையில வாடகைக்கு இருந்த பொடியன் சுந்தரலிங்கத்தை ஆமிக்காரர் ஜீப்பில ஏத்திக்கொண்டு போன புழுதி இன்னும் அடங்கேல்ல.

— சத்தம் போடாதையும், பேர்ணடெற். யன்னலைச் சாத்தும். எனக்கும் பயம்தான். ஆனா ஒரு விசயம் பாத்தே ஆகோணும்.

— என்ன விசயம்?

— நேற்றிரவு உமக்குச் சொன்னனே, அந்தச் சத்தம். அது நிண்டிட்டுதா எண்டு.

— நிண்டிருக்கும். சுந்தரலிங்கத்தின்ர அறையில ஒரு துண்டு வயர் மிச்சமில்ல. பெட்டி, போன், ரேப் ரெக்கோடர், எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிட்டாங்கள். மெத்தையைக்கூடக் கிழிச்சுப் போட்டாங்கள்.

— கதையாதையும். கேக்க விடும்.

— ஹாபர் வயர்லெஸ்ஸில கப்பல்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்து பென்சன் எடுத்துக்கொண்டு வந்த மனுசர் வீட்டில படுத்து நித்திரை கொள்ளுவினம். என்ர மனுசன் கூரையில கம்பி கட்டி, என்ர கறிவேப்பிலைச் சாடிக்குள்ள இரும்புக் கம்பியும் அடிச்சு வச்சிருக்கிறார். போன மாதம் புலியின்ர பிளேன் வந்து கொழும்பெல்லாம் இருட்டாக் கிடந்த ராத்திரியே சொன்னனான், அதைக் கழற்றுங்கோ எண்டு.

— அது எர்த் கம்பி. நெட்டலைக்கு, அதுதான் லோங் வேவுக்கு, எர்த் இல்லாட்டி ஒண்டும் கேக்காது.

— கேட்டு என்னத்தைக் கண்டீங்கள்?

— சரியாச் சொன்னா, நெட்டலை ஒரு வெறும் காணி மாதிரி. ஆள் நடமாட்டமே இல்ல. அவுஸ்திரேலியாவில என்னைப்போல ஒரு கிழவன் மோர்ஸில ஒரு எழுத்து அனுப்பினா, ஒரு புள்ளியையே அரை நிமிசத்துக்கு இழுப்பான். அவ்வளவு மெதுவா அனுப்பினாத்தான் இவ்வளவு தூரம் வரும்.

— ஒரு எழுத்து வாறதுக்குள்ள நான் சோறு வடிச்சிடுவன்.

— அப்பிடியான இடத்திலதான் இது கேட்டது. நீளம், நீளம், கட்டை. பிறகு மௌனம். திரும்ப நீளம். பொடியன் குடிவந்த கிழமை தொடங்கினது. பின்னேரம் அவன் ஒருகொடவத்தை கொன்டெயினர் யார்ட்டில வேலை முடிச்சு வந்து படியேறினாத்தான் தொடங்கும். ஆர் அனுப்பினாலும் பக்கத்தில இருந்துதான் அனுப்புறான் எண்டு எனக்கு விளங்கிட்டுது. அதுதான், பொடியன் இயக்கமோ எண்டு பயந்தனான்.

— நானும்தான் பயந்தனான். சரி, நிண்டிட்டுதெல்லே?

— பேர்ணடெற்.

— என்ன?

— இன்னும் வருது.

— விசர்க்கதை. அவன்தான் இல்லையே.

— இந்தாரும், ஹெட்போனை நீரே காதில வையும்.

— ஐயோ ஆண்டவரே. இது என்ன, ஆரோ மூச்சு விடுறது மாதிரி.

— வெளியில இருந்து வருதோ எண்டு பாப்பம். இப்ப ஏரியலைக் கழற்றுறன்... கழற்றியாச்சு.

— குறையேல்லையே.

— இல்ல. கம்பி இல்லாமலும் வருதெண்டா, இது இந்த வீட்டுக்குள்ளதான் இருக்குது.

— வீட்டுக்குள்ள நாங்கள் ரெண்டு பேர்தானே, ஹியூபேட்.

— அதைத்தான் நானும் யோசிக்கிறன். பிறிட்ஜை நிப்பாட்டும்.

— நிப்பாட்டிட்டன்.

— வருது. காத்தாடி.

— மீன் பழுதாகப்போகுது. காத்தாடியும் நிப்பாட்டியாச்சு.

— வருது. குசினி லைற்று?

— அது எரியவே இல்ல. வேற ஒண்டும் இல்ல, ஹியூபேட். என்ர ரிவியும் பிளக் கழற்றித்தான் கிடக்குது.

— அந்த மூலையில என்ன மினுங்குது?

— அது அந்தோனியார்.

— அந்தோனியாரை இல்ல. அவரைச் சுத்தி ஓடுற பல்ப்மாலையை.

— அதை நிப்பாட்டச் சொல்லாதீங்கோ. பின்னேரம் செபத்துக்குத்தான் போடுறனான். இண்டைக்குப் பயத்தில வேளைக்கே போட்டனான். இந்த நேரத்தில அவரை இருட்டில விடட்டோ?

— ஒரு நிமிசம் விடும். அவர் கோவிக்கமாட்டார்.

— நீங்களே வந்து நிப்பாட்டுங்கோ. நான் தொடமாட்டன்.

— சரி. நிப்பாட்டிட்டன். நீர் ஹெட்போனைப் போட்டுச் சொல்லும்.

— ஒண்டுமில்ல. வெறும் இரைச்சல்தான்.

— இப்ப போடுறன்.

— திரும்ப வருது. நீளம். நீளம். கட்டை.

— பல்ப் எரியிற மாதிரியே. பாத்தீரோ, இந்தச் சின்னப் பெட்டிதான் எரியவச்சு அணைக்கிறது. மலிவுச் சாமான், அலையைக் கக்குது. கரண்ட் வயர் வழியா வீடு முழுக்க ஓடுது. இதை எங்க வாங்கினனீர்?

— நான் வாங்கேல்ல.

— பின்ன?

— அவன் வாங்கித் தந்தவன். வந்த கிழமை, புறக்கோட்டைப் பேவ்மெண்டில வாங்கிக்கொண்டு வந்து, 'அன்ரி, உங்கட சாமிக்கு' எண்டு தந்தவன். சைவப் பொடியன். அவன் வேலையால வாற நேரம்தான் என்ர செபநேரமும்.

— நான் ஒரு மடையன். ரெண்டும் ஒரே நேரம் எண்டு கண்டனே தவிர, ஏரியலை ஒருக்காக் கழற்றிப் பாக்கேல்ல. பயம் வந்தா மூளை வேலை செய்யாது. நல்லகாலம், இந்தச் சத்தக்கதை எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

— ஓம்.

— சுத்திவளைச்சுப் பிடிக்கிற றவுண்டப் எண்டா ஐடென்டிற்றியைப் பாப்பாங்கள், வேலைக் கடிதத்தைப் பாப்பாங்கள். இருட்ட முதல் விட்டிடுவாங்கள். என்ன?

— ஓம்.

— ஏன் முகத்தைத் திருப்புறீர்? ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்ல. அந்த சார்ஜன்ற் இந்த மேசையைப் பாத்தான், கம்பியைப் பாத்தான். என்ர கதை முடிஞ்சுது எண்டு நிண்டனான். அவன் என்ர தோளில தட்டி, சிங்களத்தில 'பொஹோம ஸ்தூதி, மஹத்தயா' எண்டான். எனக்கு எதுக்கு நன்றி?

— வயசுக்கு மரியாதை குடுத்திருப்பான்.

— பக்கத்தில றஞ்சிதம் வீட்டுக்கு அவங்கள் போகேல்ல. சிறில் வீட்டுக்கும் போகேல்ல. நேரா எங்கட படியைத்தான் ஏறினவங்கள். றவுண்டப் எண்டா ஒரு வீட்டுக்கு மட்டுமே வருவாங்கள்? பேர்ணடெற், என்னைப் பாரும்.

— நீங்கள் சொன்னதைக் கேட்டு ராத்திரி எனக்குக் கண் மூடேல்ல. குண்டு ஒண்டு வெடிச்சா, அவனுக்கு இடம் குடுத்த எங்களையும்தானே ஏத்துவாங்கள். உங்களை அடிச்சா நீங்கள் ஒரு நாள் தாங்கமாட்டீங்கள். காலமைப் பூசை முடிஞ்சு வரேக்க, சந்தியில காவல் நிண்ட ஆமிக்காரரிட்டச் சொன்னனான்.

— என்ன சொன்னனீர்?

— மேல் அறையில இருந்து சிக்னல் போகுது எண்டு. முதல்ல அவங்கள் சிரிச்சவங்கள். உங்கட ஹாபர் உத்தியோகத்தைச் சொன்னபிறகுதான் கதிரை தந்தவங்கள்.

— உடன வெளிக்கிடும். போய்ச் சொல்லுவம், அது பல்ப்மாலை எண்டு. நான் சரிபாக்காமக் கதைச்சது எண்டு.

— 'உங்கட மனுசன் சரிபாத்தவரோ' எண்டுதான் அவங்களும் கேட்டவங்கள், ஹியூபேட். 'ஓம், பாத்தவர்' எண்டு எழுதி, உங்கட பேரில கையெழுத்து வச்சுக் குடுத்திட்டு வந்தனான்.